தோசையும் சட்னியும்... ஐரிஷ் 'ஜிக்' தாளம் பிடிபட்ட கதை!

"நல்லா இருக்கு. ஒரு ஸ்வரம்கூடத் தப்பலை. ஆனா, இதுக்கு ஆட முடியாதே!"

பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்லிவிட்டு டீ கோப்பையைக் கீழே வைத்தார். என் கையில் டின் விசில். மூன்று மாதம் ராப்பகலாகப் பழகிய 'கெஷ் ஜிக்' என்ற மெட்டை அப்போதுதான் அவருக்கு வாசித்துக் காட்டியிருந்தேன். மெட்ரோனோம் வைத்துப் பயிற்சி செய்து, மூச்சு வாங்காமல், தடுமாறாமல் வாசித்திருந்தேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்த இடத்தில் இப்படி ஒரு வார்த்தை.

அவர் மனம் புண்படப் பேசுகிறவர் இல்லை. 80 வயதைத் தாண்டியவர். நாங்கள் இந்த ஊருக்குக் குடிவந்த முதல் வாரமே, எங்கள் வீட்டுக் குப்பைத் தொட்டியை எந்தக் கிழமை வெளியே வைக்க வேண்டும் என்று வந்து சொல்லிக்கொடுத்தவர். மனைவி இறந்த பிறகு தனியாக இருக்கிறார். ஒரு காலத்தில் இந்த வட்டாரத்தில் அவரும் அவர் மனைவியும் ஆடாத ஆட்டமே இல்லை என்று தெருவில் சொல்வார்கள். அப்படிப்பட்டவர் 'ஆட முடியாது' என்றால் அதில் ஏதோ இருக்கிறது. அது என்னவென்று கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை வருடம் ஆனது.

விசில் வந்த வழி

எனிஸ் என்பது அயர்லாந்தின் மேற்கே, கிளேர் மாவட்டத்தின் தலைநகர். பெர்கஸ் ஆற்றங்கரையில் குறுகிய தெருக்களோடு இருக்கும் சின்ன ஊர். கணவருக்கு ஷானனில் வேலை கிடைத்ததால் வந்தோம். நம் பக்கம் கும்பகோணத்துக்குப் போனால் எந்தத் தெருவில் திரும்பினாலும் கோபுரம் தெரிகிற மாதிரி, இங்கே எந்தத் தெருவில் திரும்பினாலும் எங்கிருந்தோ பிடில் சத்தம் கேட்கும். 2016, 2017 இரண்டு வருடங்களும் தொடர்ந்து, அயர்லாந்தின் மிகப் பெரிய பாரம்பரிய இசைத் திருவிழாவான 'ஃப்ளா கியோல்' இந்த ஊரில்தான் நடந்தது.

மகளுக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளித் தோழிகள் எல்லாரும் டின் விசில் வகுப்புக்குப் போகிறார்கள் என்று அவளும் அடம்பிடித்தாள். கொண்டுபோய் விட்டேன். ஆறு துளை உள்ள தகரக் குழல் அது. விலையும் குறைவு, குடும்பத்தோடு ஒரு வேளை ஓட்டலில் சாப்பிடுகிற செலவில் இரண்டு மூன்று வாங்கலாம். வகுப்பு முடியும்வரை வெளியே குளிரில் நிற்பதற்குப் பதிலாக, 'பெரியவர்களும் சேரலாம்' என்றதும் நானும் ஒன்று வாங்கி உள்ளே உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குக் கொஞ்சம் தெனாவட்டும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். திருச்சியில் ஏழு வருடம் வயலின் கற்றவள் நான். கல்யாணத்துக்குப் பிறகு தொடவில்லை. அந்த வயலின் அம்மா வீட்டுப் பரணில், தந்தி இல்லாமல் கிடக்கிறது. இருந்தாலும் ஸ்வர ஞானம் எங்கே போகும்? முதல் நாளே ஆறு துளையில் சங்கராபரணம் வந்துவிட்டது. 'மோரிசன்ஸ் ஜிக்' என்ற மெட்டைக் கேட்டதும் 'அட, கரஹரப்பிரியா சாயல்' என்று மனசுக்குள் குறித்துக்கொண்டேன். தாளம்? ஜிக் என்றால் ஆறு சின்ன ஸ்வரங்கள், மூன்று மூன்றாக இரண்டு கொத்து. 'தகிட தகிட'. நம்ம திஸ்ர நடை! கும்மியும் காவடிச்சிந்தும் கேட்டு வளர்ந்தவளுக்கு இது என்ன பெரிய வித்தையா?

அங்கேதான் சறுக்கினேன்.

முதலில் ஜிக் என்றால் என்ன?

ஐரிஷ் இசையில் நாம் கேட்கிற துள்ளல் மெட்டுகளில் பெரும்பாலானவை நாட்டியத்துக்காகப் பிறந்தவை. அதில் மூன்று மூன்றாக நடப்பது ஜிக். நான்கு நான்காக ஓடுவது ரீல். ஜிக்கிலேயே உறவுக்காரர்கள் பலர் உண்டு. சாதாரணமாக ஜிக் என்று சொன்னால் 'டபுள் ஜிக்', அதாவது ஒரு வட்டத்தில் இரண்டு மூன்று. 'ஸ்லிப் ஜிக்' என்றால் மூன்று மூன்றுகள், மொத்தம் ஒன்பது. கேட்டால் மிதப்பது போல் இருக்கும். மேடை நடனத்தில் மென்மையான காலணி போட்டு ஆடுவார்கள். கார்க், கெரி மாவட்டங்களின் எல்லையில் உள்ள ஸ்லீவ் லூக்ரா பகுதியில் 'ஸ்லைடு' என்று ஒன்று உண்டு, நான்கு மூன்றுகள். இதையெல்லாம் முதல் நாளே மனப்பாடம் செய்ய வேண்டாம். கேட்கக் கேட்கத் தானாகப் பிரிந்து தெரியும்.

மெட்டின் அமைப்பு எளிமையானது. எட்டு 'பார்' கொண்ட முதல் பகுதி, அதை இரண்டு முறை வாசிக்க வேண்டும். பிறகு எட்டு பார் கொண்ட இரண்டாம் பகுதி, அதையும் இரண்டு முறை. ஆக 32. (பார் என்றால் ஒரு சின்ன ஆவர்த்தனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே இசை நடக்கும் இடமும் பெரும்பாலும் 'பார்'தான் என்பதால், ஊரிலிருந்து போனில் பேசிய மாமியாருக்கு இதை விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது!) இப்படி ஒரு மெட்டை மூன்று சுற்று வாசித்துவிட்டு, நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். இரண்டு மூன்று மெட்டு சேர்ந்தால் ஒரு 'செட்'.

இவ்வளவுதான் விஷயம். இதை ஒரு மணி நேரத்தில் புரிந்துகொண்டேன். இணையத்தில் கெஷ் ஜிக்கின் நொட்டேஷனைத் தேடி எடுத்து, ஸ்வரமாக மாற்றி நோட்டில் எழுதி, மெட்ரோனோமை ஓடவிட்டுப் பழகினேன். வகுப்பில் ஆசிரியை காகிதமே தராமல், நான்கு நான்கு ஸ்வரமாக வாசித்துக் காட்டித் திருப்பி வாசிக்கச் சொன்னபோது, 'இப்படிப் போனால் எப்போது முடியும்?' என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

எழுதத் தெரியாத போலீஸ் கமிஷனர்

காகிதம் என்றதும் ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பிரான்சிஸ் ஓநீல். 1848-ல் கார்க் மாவட்டத்தில் பான்ட்ரி ஊருக்குப் பக்கத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே கப்பலேறி, உலகம் சுற்றி, கடைசியில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் போலீஸ்காரராகச் சேர்ந்தார். 1901-ல் அந்த நகரத்துக்கே காவல்துறைத் தலைவர் ஆனார். புல்லாங்குழல் வாசிப்பார். பஞ்சம் பிழைக்க அமெரிக்கா வந்த ஐரிஷ் மக்களிடம் இருந்த மெட்டுகளையெல்லாம் சேகரிப்பதுதான் அவருடைய பைத்தியம். நன்றாக வாசிக்கிறவன் என்று தெரிந்தால் போலீஸ் வேலையே போட்டுக் கொடுத்துவிடுவார் என்று இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அவருக்குக் காதும் ஞாபகமும் அபாரம். ஆனால், கேட்ட மெட்டை நொட்டேஷனாக எழுதுகிற வித்தை அவரிடம் இல்லை. இவர் நினைவிலிருந்து வாசிக்க, அதே துறையில் இருந்த ஜேம்ஸ் ஓநீல் என்ற சார்ஜென்ட் எழுதிக்கொள்வார். பெயர்தான் ஒன்று, இருவரும் உறவினர்கள் இல்லை. இப்படி வந்த புத்தகம் 1903-ல் 1,850 மெட்டுகளோடு வெளியானது. 1907-ல் 1,001 நடன மெட்டுகளோடு இன்னொன்று. கடல் கடந்து போன இசை புத்தகமாகித் தாய்நாட்டுக்குத் திரும்பி வந்தது. இன்றும் வாத்தியக்காரர்கள் அதை 'அந்தப் புத்தகம்' என்றே சொல்வார்கள், மேலே விளக்கம் தேவையில்லை.

அந்தப் புத்தகத்தில் ஜிக்கைத் திறந்து பார்த்தால், ஆறு ஸ்வரங்களும் ஒரே அளவாக, பட்டாளம் மாதிரி நிற்கும். நான் பார்த்த காகிதத்திலும் அப்படித்தான். நானும் அப்படியே வாசித்தேன். எழுதியவர்கள் மேல் தப்பில்லை. வாசிக்கிறவர்களுக்கு மெட்டு எப்படி நடக்கும் என்பது முன்பே தெரியும் என்ற நம்பிக்கையில் எழுதியது அது. நம் வீட்டுச் சமையல் குறிப்பில் 'உப்பு தேவைக்கு' என்று எழுதுவதில்லையா? சமைத்துப் பழகியவளுக்குத்தான் அது எவ்வளவு என்று தெரியும்.

ராஷர்ஸ் அண்ட் சாசேஜஸ்

'ஆட முடியாது' என்று பெரியவர் சொன்னதை அடுத்த வாரம் வகுப்பில் சொன்னேன். ஆசிரியை சிரித்தார். "விசிலைக் கீழே வை. வாயால் சொல்" என்றார்.

ஐரிஷ் ஆசிரியர்கள் குழந்தைகளுக்கு ஜிக் தாளத்தைச் சொல்லித்தர ஒரு சொற்றொடர் வைத்திருக்கிறார்கள்: 'ராஷர்ஸ் அண்ட் சாசேஜஸ்'. காலை உணவுக்குச் சாப்பிடும் பன்றி இறைச்சித் துண்டும் சாசேஜும்தான். 'ராஷர்ஸ்-அண்ட்' என்பது ஒரு மூன்று, 'சாசேஜஸ்' இன்னொரு மூன்று. ரீலுக்கு 'பிளாக் அண்ட் டெக்கர்', சுவரில் துளை போடுகிற மெஷின் கம்பெனியின் பெயர்! இந்த ஊர்க் குழந்தைகள் இதைச் சொன்னால் தாளம் தானாக வந்துவிடுகிறது. நான் சொன்னால் 'ரா-ஷர்ஸ்-அண்ட்' என்று மூன்றும் ஒரே எடையில் வந்து விழுந்தது. நாக்கே ஒத்துழைக்கவில்லை.

அன்று இரவு தோசை ஊற்றிக்கொண்டே, "நமக்குத் தெரிஞ்ச சாப்பாட்டுப் பேரா வச்சா என்னடி?" என்று மகளிடம் கேட்டேன். ஆரம்பித்துவிட்டாள். "இட்லியும் சாம்பாரும்..." சொல்லிப் பார்த்துவிட்டு அவளே, "ம்ஹூம், சாம்பார் சரியில்லம்மா. நடுவுல 'பா' இழுக்குது" என்றாள். அடுத்து, "தோசையும் சட்னியும், தோசையும் சட்னியும்..."

நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

நீங்களும் ஒருமுறை வேகமாகச் சொல்லிப் பாருங்கள். 'தோ' நெடில், நின்று நிதானமாக விழுகிறது. 'சை' பார்வைக்கு நெடில்தான். ஆனால், சொல்லின் நடுவில் வரும்போது குறுகிவிடும். பள்ளிக்கூடத்தில் ஐகாரக் குறுக்கம் என்று தமிழம்மா சொல்லித்தந்ததேதான்! 'யும்' அதைவிடக் கொஞ்சம் நீளம், வாய் மூடி அடுத்த சொல்லுக்குத் தயாராகிறது. 'சட்னியும்' எடுத்துக்கொண்டாலும் அதே கதை. 'சட்' அழுத்தம், 'னி' சொட்டு, 'யும்' தள்ளிவிடுகிறது.

ஜிக் இப்படித்தான் நடக்கிறது. மூன்றும் சமம் இல்லை. முதல் ஸ்வரம் கொஞ்சம் நீளம், அதில்தான் எடை. நடு ஸ்வரம் குட்டையாக நழுவுகிறது. மூன்றாவது ஸ்வரம் அடுத்த கொத்தின் முதல் ஸ்வரத்தைக் கைதூக்கி விடுகிறது. எவ்வளவு நீளம், எவ்வளவு குறுக்கம்? அதற்குக் கணக்கு இல்லை. ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். அதிகமாக இழுத்தால் நொண்டுகிற மாதிரி ஆகிவிடும். இழுக்காவிட்டால் தையல் மெஷின். நான் மூன்று மாதம் தையல் மெஷின்தான் ஓட்டியிருக்கிறேன்.

இதில் எனக்கு ஒரு வெட்கமும் உண்டு. வாயால் தாளம் சொல்லிவிட்டு வாத்தியத்தைத் தொட வேண்டும் என்பது நம் ஊர்க் கொன்னக்கோலும் சொல்கட்டும் சொல்லித்தருகிற முதல் பாடம். இங்கேயும் அப்படி ஒரு கலை இருக்கிறது. 'லில்ட்டிங்' என்று பெயர். 'டிடிலி டைடில் டம்' என்று அர்த்தமில்லாத அசைகளால் முழு மெட்டையும் பாடுவார்கள். வாத்தியக்காரர் கிடைக்காத வீடுகளில் இதற்கே ஆடுவார்களாம். ஃப்ளாவில் இதற்குத் தனிப் போட்டியே உண்டு. தெரிந்த பாடத்தைத்தான் நான் காகிதத்தை நம்பிக் கைவிட்டிருந்தேன்.

(எங்கள் வீட்டில் ஸ்லிப் ஜிக்குக்கும் ஒரு வரி உண்டு: 'தோசையும் சட்னியும் வேணுமா'. மகளின் ஐரிஷ் தோழிகள் மூன்று பேர் இப்போது இதைச் சுத்தமாகச் சொல்கிறார்கள். அர்த்தமும் தெரியும், வீட்டுக்கு வந்தால் கேட்டும் சாப்பிடுகிறார்கள்.)

காலுக்கு என்ன தெரியும்?

சொல் வந்துவிட்டது. ஆனால், விசிலை எடுத்தால் பாதி வந்தது, பாதி பழைய மெஷின். பெரியவரிடமே போய்க் கேட்டேன். "நீங்க வாசிக்கறவர் இல்லையே, அப்புறம் எப்படித் தெரியுது?"

"எனக்கு எங்கே தெரியுது? இதுக்குத் தெரியுது" என்று செருப்பைத் தட்டிக் காட்டினார்.

அன்று நிறையப் பேசினார். அவர் சிறுவனாக இருந்தபோது நடனம் என்றால் வீட்டுச் சமையலறையில்தான். இருட்டியதும் அக்கம்பக்கத்தார் வருவார்கள். மேஜையைச் சுவரோரம் தள்ளிவிட்டால் அதுதான் மேடை. கல் பாவிய தரையில் காலணி பட்டால் அந்தச் சத்தமே இன்னொரு வாத்தியம். நடனத்துக்கு நல்ல ஓசை வேண்டும் என்று தரைக்கல்லுக்கு அடியில் குதிரையின் மண்டையோட்டைப் புதைத்து வைக்கிற வழக்கம்கூட அயர்லாந்தில் இருந்திருக்கிறது. கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவருக்கோ அது சாதாரணச் செய்தி.

இந்த வீட்டு நடனங்களுக்கு ஒரு கஷ்ட காலமும் வந்தது. 1935-ல் பொது நடனக்கூடச் சட்டம் என்று ஒன்று போட்டார்கள். பொது இடத்தில் நடனம் நடத்த நீதிமன்றத்தின் லைசென்ஸ் வேண்டும். சட்டம் பொது நடனத்துக்குத்தான் என்றாலும், பல ஊர்களில் பாதிரியார்களும் போலீஸாரும் அதைக் காட்டி வீட்டுக்குள் ஆடுவதையும் நிறுத்தினார்கள். ஆட்டம் மெல்ல மெல்லச் சமையலறையை விட்டு ஹாலுக்குப் போனது. பெரிய ஹாலில் ஒற்றைப் பிடில் கேட்காது. எனவே, பத்துப் பேர் சேர்ந்து வாசிக்கிற கேலி பேண்டுகள் பெருகின. கிளேரிலேயே 1909-ல் தொடங்கிய கில்ஃபெனோரா பேண்டும், 1946-ல் தொடங்கிய டல்லா பேண்டும் இன்றும் பெயர் சொல்கின்றன. "எங்க அப்பா காலத்துல சமையலறைக் கதவைச் சாத்திட்டு ஆடுவாங்களாம்" என்றார் பெரியவர். சொல்லும்போது குரலில் ஒரு குறும்பு.

பிறகு, "ஆடாம வாசிக்க முடியாது. போய் ஆடிட்டு வா" என்றார்.

எனக்கு உதறல். நாற்பது வயதுக்கு மேல், ஊரார் முன்னால் ஆட்டமா? மகளைத் துணைக்கு இழுத்துக்கொண்டு ஊர்ச் சமூகக் கூடத்தில் நடந்த கேலி நடனத்துக்குப் போனேன். அன்று ஆடியது 'சீஜ் ஆஃப் எனிஸ்', அதாவது எனிஸ் முற்றுகை. எங்கள் ஊர்ப் பெயரிலேயே உள்ள ஆட்டம், ஜிக் மெட்டுக்குத்தான் ஆடுவார்கள். நான்கு பேர் வரிசை எதிரே நான்கு பேர் வரிசை. கைகோத்து முன்னே போவது, பின்னே வருவது, பக்கத்து ஜோடியோடு இடம் மாறுவது, சுழல்வது, கடைசியில் ஒரு வரிசை கையைத் தூக்க, இன்னொரு வரிசை அடியில் புகுந்து அடுத்த வரிசையைச் சந்திப்பது.

முதல் சுற்றில் இரண்டு பேரின் காலை மிதித்தேன். இரண்டாம் சுற்றில் இடது எது வலது எது என்று மறந்தது. நான்காவது சுற்றில் எண்ணுவதை விட்டுவிட்டேன். அப்போதுதான் தெரிந்தது. கால் தரையில் இறங்குகிற இடம் முதல் ஸ்வரம், 'தோ'. அதில் உடம்பின் எடை முழுவதும் இருக்கிறது. ஒரு நொடிப்பொழுது அங்கே நின்றாக வேண்டும். உடனே அடுத்த அடிக்கு உடம்பு எழும்ப வேண்டும். அந்த எழும்பல் 'யும்'. மூன்று ஸ்வரத்தையும் சம எடையில் வாசித்தால், ஆடுகிறவர் எதில் இறங்குவது, எதில் எழும்புவது? 'ஆட முடியாதே' என்று அவர் சொன்னது விமர்சனமே இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

எட்டு பார் ஏன் என்பதும் காலில்தான் புரிந்தது. முன்னே போய்ப் பின்னே வருவது எட்டில் முடிகிறது. சுழல்வது எட்டில் முடிகிறது. மெட்டு திரும்புகிற இடத்தில் ஆட்டமும் திரும்புகிறது. யாரும் எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

கும்மியில் வளர்ந்தவள் என்று பெருமை பேசினேனே, கும்மியை நான் எப்போதாவது உட்கார்ந்து எண்ணியிருக்கிறேனா? அத்தைகளின் கைதட்டலும் காலும் போன வழியில் போனேன். அதை மறந்துவிட்டு இங்கே காகிதத்தில் தேடியிருக்கிறேன்.

பழக விரும்புகிறவர்களுக்கு

உங்களில் யாருக்காவது ஆசை வந்தால், என் அனுபவத்தில் உதவியவற்றைச் சொல்கிறேன். மெட்டைக் குறைந்தது நூறு முறை கேளுங்கள். பாத்திரம் தேய்க்கும்போது, பஸ்ஸில் போகும்போது முணுமுணுக்க வர வேண்டும். அதற்குப் பிறகுதான் வாத்தியம். கெஷ் ஜிக்குக்கு, 'போத்தி பேண்ட்' 1975-ல் வெளியிட்ட முதல் ஆல்பத்தின் பதிவு பிரபலம். ஆனால், அது பறக்கிற வேகம், ரசிக்க மட்டும். கூடிய மட்டும் வேகத்தைப் பாதியாகக் குறைத்துப் பழகுங்கள். பாதி வேகத்திலும் ஆட்டம் இருக்க வேண்டும். மெதுவாக வாசிக்கும்போது உயிர் போகிறது என்றால் தாளம் இன்னும் வரவில்லை என்று அர்த்தம்.

விசிலில் பெரிய தலைவலி மூச்சு. நான் பகுதி முடிகிற இடத்தில் வாங்கிக்கொண்டிருந்தேன். அங்கே வாங்கினால் ஆடுகிறவரின் கால் அந்தரத்தில் நிற்கும். ஏதாவது ஒரு கொத்தின் நடு ஸ்வரத்தை விழுங்கிவிட்டு அங்கே மூச்சு வாங்க வேண்டும். முதல் ஸ்வரத்தை மட்டும் விடக்கூடாது. ஒரு ஸ்வரத்தையே விடலாம் என்பது எனக்கு நம்பவே முடியாததாக இருந்தது. வயலின் டீச்சர் கேட்டிருந்தால் முழங்கையில் வில்லாலேயே தட்டியிருப்பார்!

அலங்காரம் பிறகு வரட்டும். 'ரோல்' என்று ஒன்று உண்டு, மூன்று ஸ்வர நேரத்தில் ஒரே ஸ்வரத்தை மேலே ஒரு வெட்டு, கீழே ஒரு தட்டு கொடுத்து உருட்டுவது. நம் கமகம் போல இழைவது இல்லை, விரல் சொடுக்கு மாதிரி. இது அழகுக்கு மட்டும் என்று நினைத்தேன். அந்த ஒற்றை நீள ஸ்வரத்துக்குள்ளும் 'தோசையும்' கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த வெட்டும் தட்டும்.

ஒரு வேடிக்கையான விஷயமும் உண்டு. இந்த இசைக்கும் நமக்கும் உள்ள சம்பந்தம் என் சமையலறையில் தொடங்கியது இல்லை. முத்துசுவாமி தீட்சிதர் சென்னையில் ஆங்கிலேயரின் பேண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தாரே, நோட்டு ஸ்வரங்கள் என்று ஏறக்குறைய 40. அவற்றில் ஐரிஷ், ஸ்காட்டிஷ் மெட்டுகளும் கலந்திருக்கின்றன. அவர் தம்பி பாலுசுவாமிதான் மேற்கத்திய வயலினைக் கற்று நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தவர். திருச்சியில் நான் வாசித்த நோட்டு ஸ்வரங்களை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அவற்றையும் சம எடையில்தான் வாசித்தேன்.

நாற்காலி கிடைத்தது

ஞாயிறு மதியங்களில் ஊர் நடுவே 'செஷன்' நடக்கும். மேடை, மைக் கிடையாது. வாசிக்கிறவர்கள் வட்டமாக, ஒருவரையொருவர் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். கேட்க வந்தவர்களுக்கு முதுகுதான் தெரியும். யாராவது ஒருவர் மெட்டைத் தொடங்குவார், தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்வார்கள். தெரியாவிட்டால் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். இதை யாரும் எழுதி ஒட்டியிருக்க மாட்டார்கள். மீறினால் திட்டவும் மாட்டார்கள். அடுத்த மெட்டு உங்களால் பிடிக்க முடியாத வேகத்தில் வரும், அவ்வளவுதான்.

ஆறு மாதம் விசிலைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்து கேட்டேன். மகள் இரண்டாவது வாரமே வட்டத்துக்குள் போய்விட்டாள், குழந்தைகளுக்கு அந்தச் சலுகை உண்டு. ஒரு நாள் கான்செர்டினா வாசிக்கிற அம்மாள் கெஷ் ஜிக்கைத் தொடங்கினார். என் கால் மேஜைக்கு அடியில் தட்டிக்கொண்டிருந்ததைக் கவனித்திருக்க வேண்டும். பக்கத்திலிருந்த கோட்டை எடுத்து நாற்காலியைக் காலி செய்தார். வேறொன்றும் சொல்லவில்லை. போய் உட்கார்ந்து மெதுவாக ஊதினேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. மூன்று சுற்று முடிந்து அடுத்த மெட்டு வந்தது, தெரியாது. மடியில் வைத்துவிட்டேன்.

அந்த வாரமே பெரியவர் வீட்டுக்கு நானும் மகளும் போனோம். டீ போட்டுக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். நான் எதுவும் சொல்லாமல் கெஷ் ஜிக்கைத் தொடங்கினேன், முன்பு வாசித்ததைவிட நன்றாகக் குறைந்த வேகத்தில். முதல் பகுதி திரும்பும்போது மகளும் சேர்ந்துகொண்டாள். அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் தரையையே பார்த்துக்கொண்டு வாசித்தேன். அவருடைய வீட்டுச் செருப்பின் நுனி 'தோ'வில் இறங்கியது. அடுத்த 'சட்'டில் இறங்கியது. இரண்டாம் பகுதியில் குதிகாலும் சேர்ந்துகொண்டது.

"நிறுத்தாதே" என்று எழுந்தார். மகளைப் பார்த்து, "அந்த மேஜையைக் கொஞ்சம் தள்ளு" என்றார். அவள் விசிலை வாயிலிருந்து எடுக்காமலே இடுப்பால் மேஜையைச் சுவரோரம் தள்ளினாள். நாற்காலியின் முதுகை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஆடினார். முழங்கால் எட்டு பார்தான் தாங்கியது. பெரிய அடிகள் எதுவும் இல்லை, இருந்த இடத்திலேயே சின்னச் சின்னதாக. ஆனால், அந்த ஒவ்வொரு அடியும் தரையில் சத்தமாகக் கேட்டது.

உட்கார்ந்து மூச்சு வாங்கினார். ஆறிப்போன டீயை ஒரு வாய் குடித்தார்.

"ரெண்டாவது பகுதியில இன்னும் அவசரப்படறே" என்றார்.